குடிக்காத அத்தையின் கல்லீரல்

கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் வரைக்கும் என் மாமியார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அவர் ஊருக்கு நான் போனால், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார். "மாப்ளைக்குத் தண்ணி குடு", "மாப்ளெ இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்குவாங்களான்னு கேளு" என்று எல்லாமே என் மனைவி மூலமாகத்தான். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் அந்த அறையில் அவர் உட்கார மாட்டார். அது மரியாதை. எனக்கும் அது வசதியாகவே இருந்தது. அவரிடம் பேச எனக்கு என்ன இருந்தது?

எனக்கு மாமனார் இல்லை. நான் பெண் பார்க்கப் போவதற்கு முன்பே குடித்துக் குடித்து இறந்துபோயிருந்தார். என் மனைவி ஒரே மகள். கொஞ்ச நிலத்தில் ராகியும் தக்காளியும் போட்டு, இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றி, மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அத்தை. அவரை அத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன், கூப்பிட வேண்டிய சமயம் வந்தால்.

இரண்டாவது குழந்தைக்கு என் மனைவி தாய்வீடு போயிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அத்தை குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாராம். புடவை நனைந்து ஒட்டியதில் இடது மார்பில் ஏதோ வித்தியாசமாக இருப்பதை மனைவி பார்த்திருக்கிறாள். தொட்டால் கல் மாதிரி இருந்திருக்கிறது. "மாடு ஒதச்சது. தானா கரையும்னு உட்டுட்டேன்" என்று சொன்னாராம். எந்த மாடு, எப்போது உதைத்தது என்று கேட்டதற்கு, குழந்தைக்குத் துண்டு எடுத்து வரச் சொன்னாராம்.

தருமபுரியில் பரிசோதனை, சேலத்தில் ஆபரேஷன். மார்பை எடுத்தார்கள். அதன்பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மனைவிக்கு ஆபரேஷன் செய்து பிறந்த குழந்தை, தையல் புண் இன்னும் ஆறவில்லை. மாமனார் வழிப் பங்காளிகளோடு வெகுநாளாகப் பேச்சு இல்லை. கூட்டிக்கொண்டு போக என்னைவிட்டால் ஆள் கிடையாது.

நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். பாலக்கோட்டு மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சேலம், ஈரோடு பக்கம் போவேன். பஸ்ஸில் கூட்டத்தில் அத்தையைக் கொண்டுபோக வேண்டாம் என்று முதல் தடவையே வண்டியை எடுத்து வந்தேன். அவர் புடவை மாற்றி, ஒரு துணிப்பையோடு வந்தார். வந்தவர் முன்கதவுக்கு வராமல் நேராகப் பின்னால் போய், லோடு ஏற்றுகிற இடத்தில் காலை வைத்து ஏறப் பார்த்தார்.

"அத்தெ, முன்னாடி உக்காருங்க."

மனைவி வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள். அத்தை அவளைப் பார்த்துச் சொன்னார்: "நான் பின்னாடியே உக்காந்துக்கறேன்னு சொல்லு."

"பின்னாடி ஆள ஏத்துனா போலீஸ்காரங்க புடிப்பாங்க."

நான் சொன்ன பிறகுதான் வந்து ஏறினார். ஏறியும் கதவோடு ஒட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டுவது போல வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டியில் பாட்டுப் போடலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டேன்.

மருந்து சிவப்பாக இருக்கும். ரோஸ்மில்க் நிறம். கையில் ஊசி குத்தி அது குழாய் வழியாக இறங்குவதை அத்தை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வராந்தாவில் நின்றேன். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாயில் வண்டிகள் நின்றுவிட்டன. மேலிருந்து இறங்கி வந்த லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் நடுத் தடுப்பை உடைத்து எங்கள் பக்கம் கவிழ்ந்திருந்தது. முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் லாரிகள். நகர வழியில்லை. வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழுந்துகொண்டிருந்தது.

அத்தை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சீட்டில் நெளிந்தார்.

"என்னாங்க அத்தெ, வாந்தி வருதா?"

தலையை இல்லை என்று ஆட்டினார். அடுத்த நிமிஷம் அடக்க முடியவில்லை. கதவைத் திறந்தால் ஒட்டி நிற்கிற லாரியில் இடிக்கும். தக்காளி வாங்குகிறவர்கள் கொடுத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று டேஷ்போர்டில் கிடந்தது. அதைப் பிரித்து அவர் வாய்க்குக் கீழே பிடித்தேன். சிவப்பாக வந்தது. ரத்தமோ என்று பயந்துவிட்டேன். மதியம் குடித்த மாதுளம் சாறு. இன்னொரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். என் மனைவிக்குக்கூட நான் அப்படிப் பிடித்ததில்லை.

எல்லாம் முடிந்து வாய் கொப்பளித்த பிறகு அத்தை அழுதார். வாந்திக்காக அழவில்லை. "மாப்ள கையில புடிக்கிற மாதிரி ஆயிப்போச்சே" என்றார். எத்தனையோ வருஷத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"உங்க மவ வாந்தி எடுத்தா புடிக்க மாட்டனா? அதுமாதிரிதான்" என்றேன்.

அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தார். மாட்டைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி, என் மனைவி சின்ன வயதில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடித்ததைப் பற்றி. அடுத்தடுத்த பயணங்களில் அவர் முதுகைக் காட்டி உட்காரவில்லை. தலைமுடி கொட்டியபோது ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, "தோட்டக்காரனாட்டம் இருக்கறனா?" என்று என்னிடம் கேட்டார். நல்லாயிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பின நாட்கள் அவை.

மூன்றாவது மருந்து முடிந்து சில நாள் கழித்து நான் அவரை ரத்தப் பரிசோதனைக்காகத் தருமபுரிக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தினேன். அத்தை இறங்காமல் பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். இன்னொரு கண்ணையும் அப்படியே பார்த்தார்.

"மஞ்ச" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். வெயிலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தூக்கம் இல்லாம இருக்கும்."

"எனக்குத் தெரியும் மாப்ளெ. அவருக்கு இப்படித்தான் மொதல்ல வந்துச்சி. கண்ணுல ஒரு ஓரமா. அப்பறம் மூத்தரம் டீத்தண்ணியாட்டம் போச்சி. எனக்கு நாலு நாளா அப்படித்தான் போவுது. உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

அவர் என்றது என் மாமனாரை. அத்தை அவரைப் பார்த்துக்கொண்ட கதையை அன்றுதான் கேட்டேன். வயிறு வீங்கியதை, காலில் குழி விழுந்ததை, சாகிறதற்கு முன் கட்டின பெண்டாட்டியே யாரென்று தெரியாமல் பேசியதை, ஒன்றொன்றாகச் சொன்னார். குரலில் வருத்தம் இல்லை. வழி தெரிந்தவர் வழி சொல்கிற மாதிரி இருந்தது.

ரத்தத்தில் எல்லாம் ஏறியிருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சேலம் போனோம். மறுபடி ரத்தமும் ஸ்கேனும் எடுத்தார்கள். அங்கே எங்களைப் பார்க்கிறவர் ஒரு பெண் டாக்டர், என் மனைவி வயதுதான் இருக்கும். எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"மஞ்சள் காமாலை கிருமி ஏதும் இல்ல, பாத்தாச்சு. ஸ்கேன்ல பித்தப்பையில அடைப்பும் இல்ல. இது நாம குடுத்த மருந்தால வந்ததுதான்னு நெனைக்கிறேன். எந்த மருந்து ஏத்துனாலும் அது கல்லீரலுக்குப் போய்த்தான் ஒடம்ப விட்டு வெளிய போகணும். சிலருக்குக் கல்லீரல் அதைத் தாங்காது. உங்களுக்கு முன்னாடியே கல்லீரல்ல கொழுப்பு இருந்திருக்கு."

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "குடிக்கறவங்களுக்குத்தானுங்க கல்லீரல் கெடும்? எங்க வூட்டுக்காரரு குடிச்சாரு, கெட்டுச்சி, செத்தாரு. அந்தக் கருமத்த நான் மோந்துகூட பாத்ததில்லீங்களே. எனக்கு ஏன் கெடணும்?"

"குடிக்காதவங்களுக்கும் கெடும்மா."

"ஊர்ல என்னா சொல்லுவாங்க?"

டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வாழ்நாள் பூராவும் குடிகாரன் பொண்டாட்டி என்ற பேரோடு இருந்தவர். அதே நோய் தன் கண்ணிலும் மஞ்சளாக எழுதி ஒட்டியது போல வந்து நிற்கிறது.

மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். பித்தம் இறங்க ஒரு மாத்திரை, கல்லீரலுக்குத் தெம்பாக இன்னொரு மாத்திரை. இரண்டாவது மாத்திரை என்ன என்று நான் கேட்டேன். வெளிநாட்டில் வளர்கிற ஒரு முள்செடியின் விதையிலிருந்து எடுக்கிறார்கள் என்றார் டாக்டர். "கல்லீரலைக் காப்பாத்தும்னு குடுக்கறோம். நிச்சயமா காப்பாத்தும்னு என்னால சொல்ல முடியாது. கெடுதல் பண்ணாது, அதனால குடுக்கறேன்." அப்படி வெளிப்படையாகச் சொன்ன டாக்டரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றியது.

"செடிதானா அதுவும்?" என்று வெளியே வந்ததும் அத்தை கேட்டார். "அப்பறம் நம்மூரு கீழாநெல்லி மட்டும் என்னா பாவம் பண்ணுச்சி?"

என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். அவள் கணக்குப் படித்தவள். ஆனால் காமாலை என்றால் கீழாநெல்லிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நான் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வேண்டாங்க. இப்ப கெட்டிருக்கற கல்லீரலுக்கு எது எதோட சேந்து என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது" என்றார். மனைவி கேட்கவில்லை. அப்போது நாங்கள் அத்தை வீட்டில்தான் இருந்தோம். காலையில் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்போரம் போய்க் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வருவாள். கழுவி அரைத்து மோரில் கலக்கி, டம்ளரை அத்தை கையில் கொடுத்து, அவர் குடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்ப்பாள். குழந்தை அழுதால்தான் உள்ளே போவாள்.

ஒருநாள் நான் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் போனபோது அத்தை அந்த டம்ளரைக் கழனித் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

"டெய்லியும் இப்படித்தான் பண்றீங்களா?"

"வாய் வெச்சாலே கொமட்டுது. டாக்டரம்மாவும் வேணாங்கறாங்க."

"அப்ப அவகிட்டச் சொல்லிடலாமில்ல?"

"சொல்லாதீங்க மாப்ளெ. அவளுக்கு எதாச்சும் ஒரு வேல வேணும். சும்மா உக்காந்து என்னெ பாத்துக்கிட்டு இருந்தான்னா பைத்தியம் புடிச்சிரும்." தொட்டியில் கையை விட்டுக் கலக்கினார். "மாடு குடிச்சா ஒண்ணும் ஆவாது. அதுக்குக் கல்லீரல் நல்லாத்தான இருக்குது."

சில வாரத்தில் மஞ்சள் குறைந்தது. ரத்தத்தில் எண்களும் இறங்கின. கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்று மனைவி அக்கம்பக்கமெல்லாம் சொன்னாள். மாத்திரையாக இருக்கலாம் என்று நான் நினைத்தேன். டாக்டரைக் கேட்டதற்கு, "மருந்தை நிறுத்தினதால தானாவே இறங்கியிருக்கலாம்" என்றார். அப்படியானால் மறுபடி மருந்து கொடுத்தால் மறுபடி ஏறும்தானே என்று கேட்டேன். "ஏறலாம். குடுக்காம விட்டா கட்டி திரும்ப வரலாம். பாதி அளவு குடுத்துப் பாக்கறேன்."

பாதி அளவு கொடுத்தார்கள். ஏறியது. முதல் தடவையைவிட வேகமாக ஏறியது. இந்த முறை நின்ற இடத்திலேயே அத்தைக்குத் தலை சுற்றியது, தோல் முழுக்க அரிப்பெடுத்துச் சொறிந்து சொறிந்து புண்ணானது. சேலத்தில் படுக்கையில் சேர்த்து, கல்லீரலுக்காகவே ஒரு மருந்தை இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அழுகின முட்டை வாசனை அடித்தது அந்த மருந்து. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். ஒரு விஷத்தை முறிக்க இன்னொன்று, அது ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, அந்த வாந்திக்கு ஒரு ஊசி. அந்த ஊசியும் கல்லீரல் வழியாகத்தானே போக வேண்டும் என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை.

வார்டில் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அத்தையிடம், "மவனுங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்பார்கள். முதலில் மருமகன் என்று திருத்திக்கொண்டிருந்தார். பிறகு திருத்துவதை விட்டுவிட்டார்.

மறுபடி இறங்கியது, ஆனால் முழுதாக இறங்கவில்லை. டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். மருந்தை இதோடு நிறுத்திவிடுவதாகச் சொன்னார். வேறு மருந்துகள் இருக்கின்றன, அவற்றையும் இந்தக் கல்லீரல் தாங்காது, ஒரு மாத்திரை மட்டும் தருகிறேன், பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்ற சொல்லை அதற்கு முன்னால் நான் கவனித்ததில்லை.

வண்டியில் திரும்பும்போது அத்தை கேட்டார்: "இனிமே ஊசி இல்லீன்னு சொல்லிட்டாங்களா?"

"ஆமாங்க."

"நல்லாயிட்டதாலங்களா, ஆவாததாலங்களா?"

முன்னால் ஒரு டேங்கர் லாரி போய்க்கொண்டிருந்தது. ஹார்ன் அடித்து அதை முந்தினேன்.

நடுவில் சில மாதங்கள் நன்றாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முடி வளர்ந்தது. மாடு கறந்தார். ஒரு போகம் தக்காளிகூடப் போட்டார், விலை இல்லாமல் தோட்டத்திலேயே அழுகியது. பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி என்றார். ஸ்கேன் எடுத்தோம். கட்டி திரும்பி வந்திருந்தது, இம்முறை கல்லீரலிலேயே. உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, அடிபட்டு ஓய்ந்துபோன அதே இடத்தில்தான் வந்து உட்கார வேண்டுமா?

அத்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மாடுகளை விற்க அவர் சம்மதிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அம்மாவிடம் பால் எடுத்துக்கொள்ளச் சொல்லி விட்டுவந்தோம். வாரம் ஒருமுறை அரசாங்க நர்ஸ் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். வலி தாங்க முடியாமல் அத்தை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முறுக்குவார். "இன்னும் ஒரு மாத்திரை குடுங்க சிஸ்டர்" என்று என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நர்ஸுக்கும் கண் கலங்கியது. "குடுக்கலாங்க. ஆனா இவங்க ஈரல் மாத்திரையை வெளிய தள்ளாது. உள்ளயே தங்கி மூச்ச அமுக்கிடும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் ஏத்தணும்." வலிக்கான மாத்திரைக்கும் வழி இல்லை. அதுவும் அந்த ஈரலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நினைவு தெளிவாக இருந்த கடைசி நாட்களில் ஒருநாள், மனைவி துணி துவைக்கப் போயிருந்தபோது, அத்தை என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அவரு கடைசீல என்னெ யாருன்னே தெரியாம பேசினாருன்னு சொன்னன் இல்லீங்களா? நானும் அப்படிப் பேசுவேன். கண்டபடி பேசுவேன். அசிங்கமாக்கூடப் பேசுவேன். அப்ப என் பொண்ண உள்ள உடாதீங்க. நீங்க மட்டும் இருங்க. நீங்க கேட்டா பரவால்ல."

சரி என்றேன்.

அப்படியே நடந்தது. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டு மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். என்னை மாமனார் என்று நினைத்துக்கொண்டு திட்டினார். என்ன திட்டினார் என்பதை எழுத மாட்டேன். ஒரு மனுஷி அத்தனை வருஷம் அதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு சோறாக்கிப் போட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மனைவி கதவுக்கு வெளியே நின்று, "அம்மா என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "மாட்டப் பத்திப் பேசறாங்க" என்றேன்.

ஒரு காலையில், குழந்தைகளுக்கு நாங்கள் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோது, அத்தைக்கு மூச்சு நின்றிருந்தது. எப்போது என்று எங்களுக்குத் தெரியாது.

பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைத்தான். மருமகனுக்கு அந்த உரிமை கிடையாது, நான் கேட்கவும் இல்லை. சாவுக்கு வந்தவர்களில் ஒரு பெரியவர் பந்தலில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "கட்டி கொல்லலப்பா. ஊசிதான் கொன்னுது. சும்மா உட்டிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருக்கும்" என்றார். இன்னொருவர், "அவ புருசனுக்கும் ஈரல்தான? ஒருவேள இவளும்…" என்று இழுத்தார். நான் எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் விலக்கிவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மதியம் என் மனைவி கேட்டாள்: "அந்தப் பெரியவரு சொன்னது நெசமா? நாம கூட்டிக்கிட்டுப் போவாம இருந்திருந்தா?"

"தெரியல."

"டாக்டருக்காச்சும் தெரியுமா?"

"நான் கேட்டேன். அவங்களுக்கும் தெரியலயாம்."

உண்மையில் டாக்டர் என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தாய்க்கு வந்திருப்பதால் மகளையும் ஒருமுறை அழைத்து வந்து மார்பைப் பரிசோதித்துவிடுங்கள் என்று. அதை அன்றுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"பாத்து?" என்றாள்.

"சீக்கிரமா பாத்தா நல்லாக்கிடலாங்கறாங்க."

"இருந்துச்சின்னா அதே ஊசியத்தான போடுவாங்க?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எல்லாருக்கும் கல்லீரல் கெடுவதில்லை, உன் அம்மா மறைத்ததால் முற்றிப்போய்விட்டது, நீ சின்ன வயது என்றெல்லாம். அவள் காது கொடுக்கவில்லை. பிசைந்த சோற்றை உருட்டிக் குழந்தை வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

சேலத்துக்கு லோடு கிடைக்கிற நாளிலெல்லாம் காலையில் பரிசோதனைக்கு வருகிறாயா என்று அவளைக் கேட்கிறேன். வண்டியில் முன்சீட்டு காலியாகத்தான் போகிறது. அவள் இதுவரை வரவில்லை. வருவாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.